ஈசிச்சேரில் ஒட்டிய முடி

“உம்மா, நம்ம பூனை வெள்ளைதானே? இந்த முடி மட்டும் ஏன் செவப்பா இருக்கு?”

ஆறு வயது ஆமினாவின் கேள்வியில் நூர் நிஷாவின் கை நின்றது. கணவர் பாக்கர் உட்காரும் ஈசிச்சேரின் துணியில், உள்ளங்கையை ஈரமாக்கி ஒரே பக்கமாக இழுத்து, ஒட்டியிருந்த முடியை உருட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். குட்டையாக, விறைப்பாக இருந்தது.

பூனை முடி என்றால் பாதகமில்லை. நாய் முடி என்றால், ஈரக்கை பட்டதையெல்லாம் ஏழு தரம், அதில் ஒரு தரம் மண் போட்டு, கழுவினால்தான் தொழுகைக்கு ஆகும். கிணற்றில் ஊறுவதோ ஒரு நாளைக்கு நாலு குடம்.

கடையிலிருந்து வந்த பாக்கரிடம் முடியை நீட்டினாள். “மச்சான், இது என்னது?”

“பூனை முடிதான். வேறென்ன?”

“வெள்ளைப் பூனை எப்ப மருதாணி வச்சுக்கிட்டுச்சு?”

அவர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வேலிக்கு அந்தப்புறம் காது கொடுத்திருந்த மரியம் பீவி, எரிகிறதில் எண்ணெய் ஊற்றினாள். “விடியக்கால சுபுஹுத் தொழுகை முடிஞ்சதும் உன் மச்சான் தெனமும் இலைப் பொட்டலத்தோட கெழக்க போறாக. நம்ம தெருவுல நாய் வளக்குறவுக யாருமில்ல. எந்த வீட்டுக்குப் போறாகளோ, விசாரி புள்ள!”

அன்று நூர் நிஷாவுக்குச் சோறு இறங்கவில்லை. போன மாதம், அலை இழுத்துப்போன ஆமினாவைத் தோளில் தூக்கிவந்த மனிதர் அவர். பள்ளிவாசலில் சால்வை போட்டார்கள். பிள்ளையின் கவுனில் தோள் பக்கம் நாலு ஓட்டை. பாறை கிழித்தது என்று அவர் சொல்ல, அவள்தான் தைத்தாள். அப்படிப்பட்டவரா இன்னொரு வீட்டுப் படி ஏறுவார்? அல்லாவே, அப்படி இருக்கக் கூடாது.

மறுநாள் விடியலில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தூரத்திலேயே பின்தொடர்ந்தாள். அவர் எந்த வாசலிலும் நிற்கவில்லை. தெருவின் கடைசி வீட்டையும் தாண்டி, கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த பழைய படகின் மறைவில் போய் உட்கார்ந்தார். படகின் இந்தப்புறம் அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

பொட்டலம் பிரியும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். ஒரு காலை இழுத்து இழுத்து வந்த செவலை நாய் ஒன்று, அவர் மடியில் தலை வைத்தது. முள் நீக்கிய மீனும் சோறுமாகப் பிசைந்து, அதன் வாய்க்கு நேரே பிடித்தார் பாக்கர்.

ஆள் நடமாட்டம் இல்லை என்று நினைத்து, அதன் காதருகே குனிந்தார்.

“தின்னு ராசா. இடுப்பளவு தண்ணியில பயந்து நின்னுட்டேன் நான். புள்ளயக் கவ்விக் கரையில போட்டது நீதான்.”