ஞாயிறு பத்து நாற்பத்திரண்டு

பணம் கட்டினால்தான் திறக்கும் என்று திரையில் நின்ற சிவப்புக் கட்டத்தை மதன்குமார் மூடவில்லை. மூடினாலும் போகாது என்றான். கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற அவனே கையை விரித்துவிட்டான்.

கம்பத்தில் பதினெட்டு வருஷமாக ஸ்டுடியோ நடத்தி ஞானசிகாமணி எடுத்த கல்யாணம், காதுகுத்து, ஞானஸ்நானப் படங்கள் எல்லாம் அதற்குள் பூட்டிக் கிடந்தன. பேக்கப் டிஸ்க்கையும் அதிலேயே செருகி வைத்திருந்ததால் அதுவும் போச்சு.

காலையிலிருந்து அவர் ஜோதிலட்சுமியைத்தான் வைதுகொண்டிருந்தார். காமயகவுண்டன்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து ஆல்பம் டிசைன் பண்ணுகிற பிள்ளை. கண்ட பாட்டையும் இறக்கி வைரஸை உள்ளே விட்டிருப்பாள் என்று கடைவீதிக்கே கேட்கிற மாதிரி சத்தம்.

இந்தப் பேரோடு வெளியே போனால் கம்பத்தில் வேறெந்த ஸ்டுடியோவும் அவளைச் சேர்க்காது.

மதன்குமார் கம்ப்யூட்டருக்குள் இருந்த பழைய பதிவுகளைத் துழாவி எடுத்தான்.

“அண்ணாச்சி, ஃபயர்வாலுங்கிறது வாசல்ல நிக்கிற ஆளு மாதிரி. நெட்டுல இருந்து வர்றவன யாரு என்னன்னு கேட்டுத்தான் உள்ள விடும். அந்த ஆளையே சோறு திங்கப் போன்னு அனுப்பிவிட்டுருக்காக யாரோ. ஞாயித்துக்கெழம காலைல, பத்து நாப்பத்திரெண்டுக்கு.”

ஜோதிலட்சுமியின் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஷட்டர் ஏறாது. முகூர்த்த நாளானாலும், எத்தனை பெரிய வீடானாலும் ஞானசிகாமணி ஆர்டர் எடுக்கமாட்டார். ஊருக்கே தெரியும்.

“ஞாயித்துக்கெழம நான் எங்க திராட்சத் தோட்டத்துலல்ல கெடந்தேன், சார். சாவி உங்ககிட்டல்ல இருக்கு?”

பில் மேசையிலிருந்து அவர் மனைவி ஜெபஷீலா தலையைத் தூக்கிப் பார்த்தாள். தலைவலி என்று சொல்லி அன்றைக்கு ஆராதனைக்கு வராமல் வீட்டில் படுத்திருந்த மனுஷனை.

நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிள்ளை தப்பிக்கும். ஞானசிகாமணி பில் மேசைப் பக்கம் பார்த்தார்.

“மாத்துச்சாவி போட்டுருப்பா,” என்றார்.

ஜோதிலட்சுமி அவரையே பார்த்தாள். அப்புறம் டிபன் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அவள் திரும்பும்வரை எதிர்க்கடைகளில் ஒருத்தரும் வேலையைப் பார்க்கவில்லை.

ஜெபஷீலா மறுபடி பில் புத்தகத்தில் குனிந்தாள்.

அவளுக்கு ஏஞ்சல் என்று ஒரு மகள். வேறு சாதியில் கட்டிக்கொண்டு போய் மூன்று வருஷம். அந்தப் பேரை யாராவது எடுத்தால் உசுரோடு இருக்கமாட்டேன் என்று பைபிள் மேல் கைவைத்துச் சொல்லியிருக்கிறாள்.

அந்த ஞாயிறு, அம்மா சர்ச்சில் இருக்கிற நேரம் பார்த்து, தன் ஒன்பது நாள் குழந்தையை இதே திரையில் வீடியோ காலில் ஏஞ்சல் தூக்கிக் காட்டினாள். முகம் தெரிவதற்குள் படம் உறைந்துபோனது.

எதை அணைத்துவிட்டால் தெளிவாகத் தெரியும் என்று ஏஞ்சலின் பக்கத்திலிருந்து ஒரு குரல் வழி சொன்னது. ஞானசிகாமணி இதுநாள்வரை முகங்கொடுத்துப் பேசாத, ஏஞ்சலைக் கட்டிய அந்தப் பையன், முதல் தடவையாக அவரை மாமா என்று கூப்பிட்டிருந்தான்.