முதல் விலைக்கே

“அண்ணே, எதிர்க்கடையைப் பாத்தீங்களா? நிக்க இடம் இல்ல லா!”

பக்கத்துத் தேநீர்க் கடைக்காரர் பிச்சைமுத்து சொன்னதைக் காதில் வாங்காதவர் போல, மீரா சாகிப் ஒரே சேலையை மூன்றாவது முறையாக மடித்தார். பார்க்காமலா இருப்பார்?

சூலியா தெருவில் அவர் ஜவுளிக் கடைக்கு நேர் எதிரே காஜா மொய்தீனின் ஜவுளிக் கடை. அங்கே கல்லாவுக்கு மேலே ஒரு ரேடியோ. சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அதில் தமிழில் ஒரு பேச்சு வரும். கள்ளுக்கடையை மூடலாமா, பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பலாமா என்று வாரம் உள்ளூர்க்காரர் ஒருவர் பேசுவார். பேச்சு முடிந்த பிறகும் கூட்டம் கலையாது. அங்கேயே உட்கார்ந்து கட்சி பிரிந்து கத்தும். எழுந்து போகும்போது, சும்மா உட்கார்ந்திருந்த கூச்சத்துக்காக ஆளுக்கொரு கைலி வாங்கிக்கொண்டு போகும்.

கைலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை தெரு வணிகர் சங்கத் தேர்தல். தலைவர் பதவிக்கு நிற்பவர்கள் இரண்டே பேர்: மீரா சாகிப், காஜா மொய்தீன். ஓட்டுப் போடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த நேரத்தில் அந்த ரேடியோவுக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

“பேசுறது பெட்டி. அவன் என்னமோ தானே பேசுற மாதிரி தாடியை நீவிக்கிட்டு நிக்கிறான் பாரு!”

“வயிறு எரியுது போல. ஐஸ் தண்ணி தரவா அண்ணே?”

“உன் வேலையைப் பாரு லா.”

பிச்சைமுத்து தன் வேலையைப் பார்க்கப் போனார். அதாவது, கிளாஸ்களைத் தூக்கிக்கொண்டு எதிர்க்கடைக் கூட்டத்துக்கு டீ கொடுக்கப் போனார்.

திங்கட்கிழமை காலையில் மீரா சாகிப் தெருவைக் கடந்தார்.

“வாங்க நானா, வாங்க! எதிர்ல இருந்துக்கிட்டு இந்தப் பக்கம் வர இத்தனை வருசமா?” என்று அண்ணன் முறை வைத்து வரவேற்றார் காஜா மொய்தீன்.

“கதை எதுக்கு? அந்தப் பெட்டியைக் கொடுக்கிறியா?”

காஜா மொய்தீன் ரேடியோவைப் பார்த்தார். மீரா சாகிப்பைப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் கைமேல் விரித்தார்.

இருவருமே விலையை வாயால் பேசிப் பழகாதவர்கள். துண்டுக்கு அடியில் கை கோத்து, விரலைப் பிடித்தே விலை சொல்வார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது.

மீரா சாகிப் பிடித்த விரல்களுக்குப் புதுப்பெட்டியின் விலையில் பாதிகூட வராது. ஏற்பதற்காகக் கேட்ட விலையல்ல அது. காஜா மொய்தீன் கையை உதறுவார், பிள்ளைகள் மேல் சத்தியம் செய்வார், டீ வரவழைப்பார், மத்தியானம்வரை இழுப்பார் என்று இவர் தயாராகத்தான் வந்திருந்தார்.

காஜா மொய்தீன் அந்தக் கையை அப்படியே குலுக்கினார். வியாபாரம் முடிந்தது.

“ஒரே ஒரு வேண்டுகோள் நானா. வர்ற சனிக்கிழமையே எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வச்சிடுங்க. பழகின கூட்டம், ஏமாந்து போகக்கூடாது. எனக்கு அன்னைக்கு வெளியில ஒரு சோலி இருக்கு, கடை அடைப்பு.”

‘தோல்வி தெரிந்துவிட்டது, ஓடுகிறான்’ என்று மனதுக்குள் சிரித்தபடியே மீரா சாகிப் பெட்டியைத் தூக்கிவரச் செய்தார்.

அவர் மனைவி ருக்கையா ஜவுளி வியாபாரியின் மகள். “எத்தனை தடவை விரல் மாத்தினீங்க?” என்றுதான் முதலில் கேட்டாள்.

“மாத்தவே இல்ல. முதல் விலைக்கே கொடுத்துட்டான்.”

சோறு பரிமாறிய கை நின்றது. “முதல் விலைக்கா? எங்க வாப்பா முதல் விலைக்கு ஒரு கைக்குட்டைகூடக் கொடுத்தது கிடையாது. பெட்டியில ஏதோ கோளாறு இருக்குங்க. நல்லாத் தட்டிப் பாருங்க.”

நான்கு நாள் தட்டிப் பார்த்தார், திருகிப் பார்த்தார், காதை வைத்துப் பார்த்தார். பெட்டி ஒரு குறையும் இல்லாமல் பாடியது.

“பொறாமைடி உனக்கு. உங்க வாப்பாவை நான் மிஞ்சிட்டேன்ல!”

சனிக்கிழமை வந்தது. மீரா சாகிப் வாடகைக்கு நாற்காலி எடுத்தார். வருகிறவர்களுக்கெல்லாம் டீயும் வடையும் தன் செலவு என்று முதல் நாளே பிச்சைமுத்துவிடமும் தெரு முழுக்கவும் சொல்லிவைத்திருந்தார். சங்கத்தில் ஓட்டு உள்ளவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் வந்தார்கள். நாற்காலி போதாமல் கடை வாசலை ஒட்டிய ஐந்தடிப் பாதையிலும் உட்கார்ந்தார்கள். எதிர்க்கடையின் கதவுப் பலகைகள் சாத்திக் கிடந்தன.

“எங்க பிச்சைமுத்து, அந்தத் தாடியைக் காணோம்?”

“நாளைக்குத் தேர்தல். இன்னைக்கே துக்கத்துல படுத்துட்டார் போல அண்ணே.”

மீரா சாகிப் நிதானமாகத் தன் தாடியை நீவிக்கொண்டார். ஐந்தரைக்கு ரேடியோவின் சத்தத் திருகை முழுக்கத் திருப்பினார். தெரு முனைவரை கேட்டது.

“நேயர்களுக்கு வணக்கம். இன்றைய பேச்சு, ‘பொதுக் காரியத்துக்கு வருகிறவர் எப்படி இருக்க வேண்டும்?’ பேசுபவர், சூலியா தெரு ஜவுளி வியாபாரி ஜனாப் காஜா மொய்தீன்.”

நாற்காலிகளெல்லாம் முன்னால் நகர்ந்தன. மீரா சாகிப்பின் கை திருகைத் தேடியது. “கையை எடுங்க அண்ணே, நல்லாத்தான் கேக்குது!” என்றார் பிச்சைமுத்து.

பெட்டிக்குள் ஒரு தொண்டை செருமிக்கொண்டது.

“நேயர்களே, பேசுகிறவன் இருந்தால் மட்டும் போதாது, கேட்க ஆளும் வேண்டும். ஆகவே, நாளை ஓட்டுப் போடப்போகும் அத்தனை பேரையும் தன் கடையில் உட்காரவைத்து, டீயும் கொடுத்து, என்னைக் கேட்கச் செய்திருக்கும் என் அன்பு நண்பர் மீரா சாகிப் அவர்களுக்கு என் முதல் சலாம்!”