குளிரில் மட்டும் ஒழுகும் வண்டி

"வண்டி ஒழுகல பாஸ். எனக்குத்தான் மூக்கு ஒழுகுது," என்றான் மெக்கானிக் ரஃபீக், தடித்த ஜாக்கெட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டே.

போர்ட் கிள்ளானில் மீன் பெட்டிகள் அடுக்கி வைக்கும் குளிர்கிடங்கு அது. குகன் அங்கே சூப்பர்வைசர். சனிக்கிழமை காலை, சரக்கெல்லாம் லோரி ஏறிப் போன பிறகு, மேனேஜரின் கையைக் காலைப் பிடித்து அனுமதி வாங்கி, தன் மோட்டார் சைக்கிளை அந்தக் காலி அறைக்குள் உருட்டிக்கொண்டு வந்திருந்தான். பின் சக்கரத்தின் கீழே ஒரு வெள்ளை அட்டை. எதிரே கவிழ்த்துப் போட்ட இரண்டு மீன் கூடைகள். அவற்றில் உட்கார்ந்து, பிரசவ வார்டு வாசலில் காத்திருப்பவர்கள் மாதிரி இருவரும் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அவன் கஷ்டம் அவனுக்கு.

அந்த வண்டிக்குச் செயின் கிடையாது. ஷாஃப்ட் என்கிற தண்டுதான் பின் சக்கரத்தைச் சுழற்றும். தண்டு முடிகிற இடத்தில் குண்டாக ஒரு கியர் பெட்டி, அதற்குள் எண்ணெய். கிள்ளான் வெயிலில் ஒரு சொட்டுகூடச் சிந்தாது. கல்யாணம் நிச்சயமான மாதவியைப் பார்க்க சனிக்கிழமை கேமரன் மலைக்குப் போனால் மட்டும், ஞாயிறு காலையில் அந்தப் பெட்டிக்குக் கீழே எண்ணெய் குளம் கட்டி நிற்கும். ஒவ்வொரு தடவையும் குளம் பெருத்துக்கொண்டே வந்தது.

மலைக் குளிரில், எண்ணெய் கசியாமல் அடைக்கிற ரப்பர் சீல் சுருங்கிவிடுகிறது என்று ரஃபீக் இரண்டு முறை சீல் மாற்றிவிட்டான். ஆனால் பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே எண்ணெய் குறைந்தபாடில்லை. அதில்தான் அவனுக்கு மண்டை காய்ந்தது.

மாதவியின் அப்பா கமலநாதன் மலையில் காய்கறித் தோட்டம் வைத்திருப்பவர். மூட்டுவலியால் குனிய மாட்டார், தூரத்தில் நின்றபடியே கைத்தடியால் குளத்தைச் சுட்டிக் காட்டுவார். போன தடவை கறாராகச் சொல்லிவிட்டார்.

"எண்ணெய் டயர்ல பட்டா அந்த வளைவுல வழுக்கிரும், மாப்பிள்ளை. என் பொண்ணு உக்காரப் போற வண்டி. இன்னொரு தடவை ஒழுகுச்சுன்னா, கல்யாணத்துக்கு முன்னாடி வித்துடணும்."

எல்லார் முன்னாலும் குகன் சரியென்று தலையாட்டி வைத்தான். துருப்பிடித்த இரும்பாக வாங்கி, ஆணி ஆணியாகத் தேடி உயிர் கொடுத்த வண்டி அது. அதை விற்பதை அவனால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

மாதவியின் அம்மா, அத்தை இராஜம்மா இன்னும் மோசம். குகனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வண்டியையே உற்றுப் பார்த்து வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பார். வண்டியைத்தான் கரித்துக் கொட்டுகிறார் என்று குகன் முடிவு கட்டியிருந்தான்.

மீன் விறைக்கிற குளிரிலும் அட்டை கடைசிவரை வெள்ளையாகவே இருந்தது. சீல் கெட்டி. ரஃபீக் கூடையை உதைத்துவிட்டு எழுந்து ஆடினான், குகனும் ஆடினான். பல் கிடுகிடுக்க இரண்டு பேரும் போட்ட ஆட்டத்தைக் கண்ணாடி வழியாகப் பார்த்த காவலாளி, குளிர் மண்டைக்கு ஏறிவிட்டது என்று நினைத்துக் கதவைத் திறந்தே விட்டார்.

அன்று சாயங்காலம் கல்யாணப் புடவை எடுக்க மாமாவும் அத்தையும் கிள்ளானுக்கு வந்தார்கள். ஹோட்டலுக்குப் போக குகனின் அம்மா விடவில்லை, வீட்டிலேயே தங்க வைத்தாள். குகன் அட்டையின் வீடியோவை மாமாவிடம் பெருமையாகக் காட்டினான். அவர் உதட்டைப் பிதுக்கி, காலையில் நேரில் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். பார்க்கட்டுமே, இந்த வெயிலில் என்றைக்கு ஒழுகியிருக்கிறது? குகன் நிம்மதியாகக் குறட்டை விட்டுத் தூங்கினான்.

"மாப்பிள்ளை, கொஞ்சம் வெளிய வாங்க."

போர்ச்சில் மாமா கைத்தடியை நீட்டிக்கொண்டு நின்றார். பின் சக்கரத்தின் கீழே குளம். மலையில் பார்த்த எல்லாக் குளத்தையும்விடப் பெரியது. குளிரும் இல்லை, மலையும் இல்லை, சுள்ளென்று கிள்ளான் வெயில். குகனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சாவியை எடுத்து மாமாவிடம் நீட்டினான்.

"பூச்சோங்ல வாங்குறதுக்கு ஆள் இருக்கு. போன் போட்டுட்டு வரேன்," என்று சாவியோடு அவர் உள்ளே போனார்.

கடைசியாக ஒருமுறை தொட்டுப் பார்ப்போம் என்று குகன் சக்கரத்தருகே உட்கார்ந்தான். மலையில் எப்போதும் அவனுக்கு மூக்கடைப்பு. இங்கே மூக்கு நன்றாகத் திறந்திருந்தது. குப்பென்று ஒரு வாசம் ஏறியது. எங்கேயோ பழக்கப்பட்ட வாசம். இட்லிப் பொடிக்கு நடுவில் குழி பறித்து ஊற்றுவார்களே, அதேதான்.

விரலால் தொட்டு முகர்ந்தான். நல்லெண்ணெய்.

திரும்பிப் பார்த்தால், வாசலில் அத்தை இராஜம்மா. மாமா உள்ளே போய்விட்டாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு, விடுவிடுவென்று அவன் பக்கத்தில் வந்தார். முந்தானைக்குள் ஒரு காலி போத்தல்.

"அந்த மலைப் பாதையில வளைஞ்சு வளைஞ்சு வரீங்களே, உங்களுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு சனிக்கிழமை தவறாம சனி பகவானை வேண்டி, அந்தக் குண்டு இரும்புக்கு எண்ணெய் ஊத்திட்டு வரேன், மாப்பிள்ளை," என்றார், முதன்முதலாக வாய் திறந்து. "மாமா விக்கச் சொன்னாரே, அதுலேருந்து வண்டிய வித்துரக் கூடாதுன்னும் சேர்த்து வேண்டிக்கிட்டேன். நேத்து முழு போத்தலையும் ஊத்தியாச்சு. சாமி இன்னும் கண்ணைத் திறக்கலையே."