முதல் விருப்பம்

கண்ணாடிக்கடைக்காரரின் விரலிடுக்கிலிருந்து அந்தக் குட்டித் திருகாணி மூன்றாவது தடவையாக நழுவி விழுந்தது. இருபத்திரண்டு வருடமாக மூக்குக்கண்ணாடி மாட்டிக் கொடுக்கிற கை. இன்றைக்கு அதில் ஒரு திருகாணி நிற்கவில்லை.

"அதை அப்புறம் தேடலாம்ப்பா. அஞ்சு மணிக்குள்ள இதை அனுப்பியாகணும்" என்றாள் மகள். கண் பரிசோதனைப் படிப்பில் மூன்றாம் வருடம். கடை மேஜைமேல் லேப்டாப்பை விரித்துவைத்து, பவர் பார்க்க வருகிறவர்கள் உட்காரும் சுழல் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

கல்லூரியிலிருந்து ஒரு செமஸ்டர் மட்டும் பிரிட்டனில் போய்ப் படிக்கலாம். மூன்று பல்கலைக்கழகங்களைக் கொடுத்து, முதல் விருப்பம் எது என்று கேட்டிருந்தார்கள். அவள் போயே தீரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவரே அப்பாதான். கடைக்கு வருகிற ஒருத்தரையும் விடாமல் ஒரு மாதமாக இதே பெருமைதான். ஆனால் அந்த மூன்று பெயர்களை இன்றைக்குத்தான் பார்த்தார்.

"முதல்ல எதைப் போட்டிருக்கே?"

"அந்தத் துறைமுகத்து ஊர்ல இருக்கே, அது."

அவர் கையிலிருந்த பிரேமைக் கீழே வைத்தார். "அது வேண்டாம்மா. தலைநகர்ல இருக்கறதைப் போடு. அங்கதான் லேப் பிரமாதம்னு நீயே சொன்னியே."

"சொன்னேன். இருந்தாலும் எனக்கு இதுதான்ப்பா பிடிச்சிருக்கு."

"கடல் காத்தும் குளிரும் எலும்பைத் துளைச்சிடும். உனக்கு வீசிங் வேற."

"மருந்து எடுத்துட்டுப் போறேன்."

"உங்கம்மாவை ஒரு சளிக்காய்ச்சல்ல பறிகொடுத்தவன்மா நான். மூணே நாள். படுத்தவ எழுந்திருக்கல. உன்னையும் நான்..."

மூன்று வயதிலிருந்து அவள் கேட்டு வளர்ந்த கதை. எப்போது சொன்னாலும் அவள் கண் கலங்கும். இன்றைக்குத் தலைநிமிராமல் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"உங்க பாஸ்போர்ட் நம்பர் கேக்குதுப்பா."

"எனக்கு ஏதும்மா பாஸ்போர்ட்? கடையை விட்டா வீடு, வீட்டை விட்டா கடை."

"அப்ப இல்லைன்னு போட்டுடறேன்."

மணி நாலு நாற்பது. அவர் தன் அக்காவுக்கு ஃபோன் போட்டார். தம்பி மகளைக் கைக்குழந்தையிலிருந்து தூக்கி வளர்த்தவள் அவள். விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அவகிட்ட குடு" என்றாள்.

"ஏண்டி கண்ணு, உலகத்துல வேற ஊரே இல்லையா? அங்க வெயிலே அடிக்காதாம். துவைச்ச துணி எப்படிடி காயும்?"

"மெஷின்லயே காயும் அத்தை."

"மெஷினுக்குச் சளி பிடிச்சா?"

மகள் சிரித்துவிட்டாள். அத்தை சிரிக்கவில்லை. "அவன் சொல்றதைக் கேளுடி. உன் நல்லதுக்குத்தான் சொல்றான்" என்றாள்.

ஃபோனைத் திரும்ப வாங்கிக்கொண்டவர் மகளுக்குப் பின்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "நான் சொல்றதைக் கொஞ்சம் கேளும்மா. ரயிலடியை விட்டு வெளிய வந்ததுமே ஒரே மேடு. கருங்கல் ரோடு. மழை பேஞ்சா கால் வைக்க முடியாது, அப்படி வழுக்கும். பதினாலாம் நம்பர் பஸ்ஸை விட்டா அரைமணி நேரம் நிக்கணும்."

மகளின் விரல்கள் ஒரு விநாடி நின்றன. பாஸ்போர்ட்டே இல்லாதவர் வாயில் பஸ் நம்பர். திரும்பி அவரைப் பார்த்தாள். ஏதோ கேட்கப்போகிறாள் என்று அவர் நடையை நிறுத்தினார். அவள் மறுபடி தட்ட ஆரம்பித்தாள்.

நாலு ஐம்பத்திரண்டு. அவர் மெல்ல நகர்ந்து கடையின் பின்பக்கம் போனார். அங்கே மெயின் சுவிட்ச் இருந்தது. செய்வது சின்னத்தனம் என்று தெரிந்தது, ஆனாலும் கை கேட்கவில்லை. டக்கென்று கீழே தள்ளினார். விளக்கு, விசிறி, மோடம் எல்லாம் அணைந்தன.

"அடடா, கரண்ட் போயிடுச்சே!" என்றபடி வந்தார். அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

பக்கத்துத் தையல்கடையில் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேருமே அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். மகள் கோபப்படவில்லை. தன் ஃபோனை எடுத்து, அதிலிருந்து லேப்டாப்புக்கு இணைப்பு கொடுத்து, ஒரு பட்டனை அழுத்தினாள்.

"போயிடுச்சுப்பா."

அவர் அப்படியே கண்ணாடி ஷோகேஸில் சாய்ந்தார். உள்ளே அடுக்கியிருந்த பிரேம்கள் கிலுகிலுவென்று ஆடின. மகளின் கண்ணைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அவ்வளவு பெரிய பொட்டியைத் தூக்கிக்கிட்டு, தெரியாத ஜனங்களுக்கு நடுவுல தனியா போய் இறங்குவியேம்மா. அந்த ஊர்ல உனக்குன்னு யாரு இருக்கா?"

மகள் லேப்டாப்பை மூடினாள். எழுந்து வந்து, அவர் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்கப்பா. ஸ்டேஷனுக்கு அம்மா வர்றாங்க."