பேச்சிச்செல்வி பூட்டிய புரோகிராம்

“அந்தப் பிள்ளை புரோகிராமைப் பூட்டிட்டா அண்ணாச்சி.”

அறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் சீனியர் கிளார்க் வேல்ராஜ் இதைச் சொன்னார். முதலாளி மகாராஜா அண்ணாச்சி படித்துக்கொண்டிருந்த பேப்பரைக் கீழே வைத்தார்.

“பூட்டிட்டான்னா?”

“முந்தி அது எழுத்தா இருந்துச்சு. பைத்தான்னு சொல்லுவா. நோட்பேடுல திறந்தா, புரியுதோ இல்லையோ, கண்ணுக்குத் தெரியும். நேத்து அந்தக் கறுப்பு விண்டோவைத் திறந்து ஒத்தை வரி கமாண்ட் அடிச்சா. எல்லாம் சேர்ந்து ஒரே எக்ஸ்இ ஃபைல் ஆயிட்டு. இப்போ திறந்தா எறும்பு ஊருத மாதிரி இருக்கு. பழைய ஃபைலையும் சர்வர்ல இருந்து தூக்கிட்டா.”

“வேலை செய்யுதா?”

“அதெல்லாம் செய்யுது. கேட்டா, ‘இனிமே பைத்தான் போடாத கம்ப்யூட்டர்லயும் ஓடும், டபுள் கிளிக் பண்ணுனா போதும்’ங்கா. ஆன்டிவைரஸ் அதைப் பார்த்து வைரஸ்னே கத்துச்சு. அவ இல்லாம நாம ஒண்ணும் பண்ண முடியாதுன்னு ஆக்குதா அண்ணாச்சி. நாளைக்கு எதிர்த்த ஆபீசுக்குப் போயிட்டா?”

அண்ணாச்சிக்குச் சுருக்கென்றது.

தூத்துக்குடி துறைமுகத்துக்குள் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு கேட் பாஸ் எடுத்துக் கொடுக்கிற ஆபீஸ் அவருடையது. கன்டெய்னர் நம்பரில் ஒரு எண் தப்பினாலும் லாரி கேட்டில் நின்றுவிடும். பேச்சிச்செல்வியின் புரோகிராம் வந்த பிறகு ஒரு லாரியும் நிற்கவில்லை. நம்பரின் கடைசி எண், முன்னால் இருப்பவற்றை வைத்துக் கணக்குப் போட்டால் வரும் சரிபார்ப்பு எண்; அது பொருந்தாதபடி தப்பாக அடித்தால் திரை முழுக்கச் சிவப்பாகும். சரியாக அடிக்கும்வரை விடாது.

ஏரல் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருகிற பெண். இந்த மாதம்தான் வேலையை நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருந்தார். அவளை உள்ளே வரச் சொன்னார்.

“ஏளா, புரோகிராமைப் பூட்டினியா?”

“ஆமா சார்.”

“யாருக்குத் தெரியக் கூடாதுன்னு?”

அவள் பக்கத்தில் நின்ற வேல்ராஜை ஒரு தடவை பார்த்தாள்.

“என் ஆபீஸ், என் கம்ப்யூட்டர், நான் குடுக்கிற சம்பளம். திறந்து காட்டு. இல்லாட்டி திங்கக்கிழமை வர வேண்டாம்.”

அவள் கையிலிருந்த லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். “உங்களுக்கு மட்டும்னா காட்டுதேன் சார்.”

“பார்த்தீங்களா! என்னை வெளிய போகச் சொல்லுதா!”

“கொஞ்சம் நில்லுலே வெளிய. கூப்பிடுதேன்.”

வேல்ராஜ் போனதும் அவள் தன் லேப்டாப்பைத் திறந்தாள். ஆங்கில வரிகள். அவற்றுக்கு நடுநடுவே தன் ஞாபகத்துக்கென்று அவள் தமிழில் எழுதிய குறிப்புகள். ஓரிடத்தில் நிறுத்தினாள். அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

‘வேல்ராஜ் அண்ணாச்சி அடித்தால், ஒன்றுக்குப் பதில் ஸ்மால் எல் வரும். பூஜ்யத்துக்குப் பதில் ஓ வரும். நீயே மாற்றிக்கொள். சிவப்பு காட்டாதே.’

“என்னளா இது?”

“அவங்க டைப்ரைட்டிங் ஹையர் சார். படிச்ச மெஷின்ல ஒண்ணுன்னு ஒரு கட்டையே கிடையாதாம். எல்-தான் அடிப்பாங்களாம். விரல் இன்னும் அங்கதான் போகுது. பார்த்தா ரெண்டும் ஒண்ணு போலத்தான இருக்கு? முதல் நாள் சிவப்பு வந்தப்ப பையங்க எல்லாம் சிரிச்சிட்டாங்க. அன்னைக்கு மத்தியானம் அவங்க சாப்பிடவே இல்ல.”

“எல்லாருக்கும் இப்படி மாத்திவிட வேண்டியதுதானே?”

“மத்தவங்க ஹார்பர் வெப்சைட்டுலயும் நேரா அடிக்காங்க சார். அங்க யாரு திருத்துவா? அவங்க பழகித்தான் ஆகணும். வேல்ராஜ் அண்ணாச்சி இதுல மட்டுந்தான் அடிக்காங்க. எழுத்தாவே கிடந்தா, என்னைக்காவது யாராவது திறந்து அவங்க பேரைப் படிச்சிருவாங்க. அதான் எக்ஸ்இ ஆக்குனேன்.”

அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்தார். இந்தப் பிள்ளையையா சந்தேகப்பட்டோம் என்று இருந்தது. ஆனாலும் முதலாளி இல்லையா, ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

“உனக்கு நல்ல மனசுதான். ஆனா இது சரியில்ல. தப்பைத் தப்புன்னு முகத்துக்கு நேரா சொல்லணும். நானும்தான் அவசரத்துக்கு இதுல அடிக்கேன். ஒரு தடவையாவது சிவப்பு வந்திருக்கா? வந்தா ஒத்துக்கிட மாட்டேனா? அந்த வரியை எடு. அவன் கண்ணு முன்னாலயே எடு. ஏலே வேல்ராஜ், உள்ள வா!”

“சார், வேண்டாம் சார்…”

அவள் அவசரமாக லேப்டாப்பை மூடப் போனாள். அண்ணாச்சி தடுத்தார். அந்த இழுபறியில் கை பட்டு, திரை சற்று மேலே நகர்ந்தது. அங்கே இன்னொரு குறிப்பு. அவர் அதையும் வாசித்தார். இந்தத் தடவை வாசித்து முடிக்க ரொம்ப நேரம் ஆனது.

வேல்ராஜ் வந்து நின்றார். “என்ன அண்ணாச்சி, குட்டு வெளிய வந்துட்டா?”

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே சிரித்தார்.

“குட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாம் ஒழுங்கா இருக்கு. கீழ மூணு டீ சொல்லுலே. வடையும் சொல்லு.”

“அப்போ பூட்டு?”

“அது பூட்டியே கிடக்கட்டும்.”

வேல்ராஜ் ஒன்றும் விளங்காமல் படியிறங்கினார். அண்ணாச்சி லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார்.

“திங்கக்கிழமை சீக்கிரம் வா. உன் வேலையை நிரந்தரம் பண்ணிருவோம். இப்போ அந்தக் கமாண்டை இன்னொரு தடவை அடி. எக்ஸ்இ ஆகுததை நானும் பார்க்கேன்.”

“எந்த வரியை சார் எடுக்கணும்?”

“ஒரு வரியையும் எடுக்க வேண்டாம்.”

அவள் கறுப்பு விண்டோவைத் திறந்தாள். அது வந்து மறைக்கும்வரை திரையில் அந்த இன்னொரு குறிப்பு அப்படியே இருந்தது.

‘மகாராஜா சார் அடித்தால், கடைசி எண்ணை எப்போதும் விட்டுவிடுவார். மற்ற எண்களை வைத்து நீயே கணக்குப் போட்டுச் சேர்த்துக்கொள். சிவப்பு காட்டாதே.’