பல்லியின் விசாரிப்பு

சுவரில் எறும்புகள் வரிசையாகச் சர்க்கரை சுமந்து போய்க்கொண்டிருந்தன. பாதி வழியில் ஒரு பல்லி ஒட்டிக்கொண்டு, ஒவ்வோர் எறும்பிடமும் கனிவாக விசாரித்தது.

"வேலை எப்படிப் போகுது? களைப்பா இருந்தா சொல்லுங்க, என் பக்கத்துல வந்து உக்காந்துக்கலாம். உங்க நன்மைக்குத்தான் இந்த விசாரிப்பு."

கடைசியில் வந்த எறும்புக்குக் கால் சுளுக்கியிருந்தது. பல்லியின் குரல் காதில் விழுந்ததும் அதற்குக் கண் கலங்கியது. இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிடும் ஆசையில் நொண்டிக்கொண்டே போனது.

சுமையை இறக்கிவிட்டு எதிரே வந்த எறும்பு, வழக்கம்போல் நின்று மீசையோடு மீசை தொட்டது.

"என்னடி, முகமெல்லாம் மலர்ச்சி?"

"களைப்பா இருக்குன்னு சொல்லப் போறேன்க்கா."

"காலையில ஒரு ஈ அப்படித்தான் சொல்லிச்சு. பல்லி பக்கத்துல உக்காரவும் வச்சுது."

"அப்புறம்?"

"இன்னும் வாயை நக்கிட்டிருக்கு, பாரு. வரிசையை விட்டு விலகாத."

எறும்பு பல்லியை நெருங்கியது.

"களைப்பா, கண்ணு?"

"ஐயோ, இல்லீங்க! இன்னொண்ணு குடுத்தாலும் தூக்குவேன்."

நொண்டாமல் ஓடி, காலண்டருக்குப் பின்னால் போய்ச் சர்க்கரையைப் பொத்தென்று போட்டது. அங்கே முன்னால் போனவர்கள் எல்லோரும் களைப்பில் மல்லாந்து கிடந்தார்கள். ஒருத்தி அதன் காலை நீவிவிட்டாள். இன்னொருத்தி, "களைப்பா, கண்ணு?" என்று பல்லியைப் போலவே பேசிக் காட்டினாள். சிரிப்பில் காலண்டர் தாள் ஆடியது.

பல்லிக்கும் அந்தச் சிரிப்பு கேட்டது.

"எவ்வளவு சந்தோஷமா வேலை செய்யுதுங்க!" என்று சொல்லிவிட்டுப் பசியோடு விளக்குப் பக்கம் நகர்ந்தது.