ஒட்டிக் கிடந்த பக்கங்கள்

“இது உங்க வேலைதானே?”

புத்தகத்தை மேசைமேல் பொத்தென்று போட்டாள் லைப்ரரி மேடம்.

பிள்ளைகளுக்கான போட்டோ புத்தகம். வீட்டுத் தோட்டத்தில் பதுங்கியிருந்து ஈயையும் வெட்டுக்கிளியையும் பிடித்துத் தின்னும் கும்பிடுபூச்சியைப் பெரிது பெரிதாகப் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. கடைசி இரண்டு பக்கங்களும் பசையில் ஒட்டிக் கிடந்தன.

அட்டெண்டர் நிமிரவில்லை. “ஆமா.”

“எதுக்கு?”

“பிடிக்கல.”

“எது பிடிக்கல? புத்தகமா, நானா?”

அவர் ரெஜிஸ்டரைப் புரட்டினார்.

அவளுக்கு விளங்கிவிட்டது. போன மாதம் நாலு பேர் முன்னால், “ஐயா, இந்த அட்டையைக் கோணலா ஒட்டியிருக்கீங்களே” என்று ஒரு வார்த்தை சொன்னாள். அன்றிலிருந்து மனுஷன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. டீ குடிக்கப் போவதைக்கூடச் சுவரிடம்தான் சொல்லிவிட்டுப் போகிறார்.

இந்தப் பக்கத்தைப் பார்த்தாலே தெரிகிறதே. பசை வழிந்து, விரல் ரேகை பதிந்து, ஓரம் ஓரத்தோடு சேராமல். முப்பது வருஷமாகப் புத்தகம் ஒட்டின கை இப்படியா ஒட்டும்? வேண்டுமென்றே செய்த வேலை.

“ரிடையர் ஆக நாலு மாசம் இருக்கு ஐயா. ‘தப்பு’ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, விட்டுடறேன்.”

“எழுதிப் போடுங்க” என்று சுவரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

அவளுக்குச் சுள்ளென்று வந்தது. காகிதத்தை எடுத்து மேலிடத்துக்குப் புகார் எழுத ஆரம்பித்தாள்.

பாதி எழுதியிருப்பாள். பத்து வயசுச் சிறுமி ஒருத்தி மேசையருகே வந்து நின்றாள். கூட வந்த தம்பி நேராகப் படப்புத்தக அலமாரிக்கு ஓடினான்.

“மேடம், அட்டெண்டர் தாத்தா இல்லையா?”

“எதுக்கு?”

“கொஞ்சம் பசை வேணும். அந்தப் பூச்சிப் புத்தகத்துல ஓரம் பிரிஞ்சிருச்சு. நேத்து தம்பி நகத்தால நோண்டினான்.”

பேனா நின்றது. “நீயா ஒட்டினே?”

சிறுமி நாக்கைக் கடித்துக்கொண்டாள். “தாத்தா பார்த்துட்டாரு. யாராவது கேட்டா தான் ஒட்டினதா சொல்லிக்கிறேன்னாரு.”

“புதுப் புத்தகத்தைப் பாழாக்கினா கார்டு ரத்துன்னு தெரியுமில்ல?”

சிறுமி பையிலிருந்து கார்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“எடுத்துக்குங்க மேடம். பக்கத்தை மட்டும் பிரிச்சிராதீங்க.”

“அப்படி என்னதான் இருக்கு அதுல?”

அவள் தம்பியை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“குஞ்சுங்க வெளிய வர்றப்ப அம்மாப்பூச்சி உயிரோட இருக்காதுன்னு போட்டிருக்கு. தம்பி இப்ப எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பிச்சிட்டான் மேடம். அம்மா இன்னும் ஆஸ்பத்திரியிலதான் இருக்காங்கன்னு அவன்கிட்ட சொல்லி வெச்சிருக்கோம்.”

பசை டப்பா எங்கே இருக்கும் என்று மேடத்துக்குத் தெரியவில்லை. சிறுமிதான் காட்டினாள்.